அம்மம்மாவுக்கு ஒரு காட்: நாலு ‘ம’வும் இரண்டு புள்ளியும்

வணக்கம் உறவுகளே. பின்னால் கோழி கத்துவது கேட்கும், கணக்கெடுக்க வேண்டாம். கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துதான் இந்த வீடியோவை எடுக்கிறேன். உள்ளே வெளிச்சம் காணாது.

நாளைக்கு அம்மம்மாவுக்கு 75 வயது. மாங்குளத்தில் இருக்கிறா. கடையில் வாழ்த்துக் காட் வாங்கலாம்தான். போன வருசம் அப்படித்தான் வாங்கிக் கொடுத்தேன். அவவுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது. காட்டைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “வடிவாயிருக்கு பிள்ளை, என்ன எழுதியிருக்கு?” என்று என்னிடமே கேட்டா. எனக்கு ஒரு மாதிரிப் போய்விட்டது.

அதனால் இந்த முறை முன்பக்கத்தில் ஒரே ஒரு சொல்: அம்மம்மா. ஒவ்வொரு எழுத்தும் இரண்டரை சென்ரிமீற்றர் உயரம்.

தாளுக்கு பிறிஸ்ரல் போட், அதுதான் தடித்த மட்டைத் தாள், போதும். வெட்டுவதற்கு முதல் அதை இரண்டு பக்கமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கோ. ஒரு பக்கம் சொன்னபடி வளையும், மற்றப் பக்கம் முரண்டு பிடிக்கும். வளைகிற பக்கமாக மடிப்பு வருகிற மாதிரி ஏ4 அளவில் வெட்டுங்கோ. 297 மில்லிமீற்றர் நீளத்தில் சரி பாதி, 148.5. அதில் அடிமட்டத்தை வைத்து, மை முடிந்த பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால் விளிம்பு வெடிக்காது. முடிந்த பேனையை எறியாதீர்கள் என்று சொல்வது இதுக்குத்தான்.

சரி, எழுத்துக்கு வருவோம். கமராவைக் கிட்டக் கொண்டு வருகிறேன்.

ஆங்கில எழுத்துக் கலை வீடியோக்களில் ஒரே பாடம்தான்: கீழே இறங்கும் கோடு தடிப்பு, மேலே ஏறும் கோடு மெல்லிசு. பிரஷ் பேனை இருந்தால் இறங்கும்போது அழுத்தி, ஏறும்போது கையைத் தளர்த்தினால் அது தானாக வரும். என்னிடம் பிரஷ் பேனை இல்லை. சாதாரணக் கறுப்புப் பேனையால் முழுச் சொல்லையும் எழுதிவிட்டு, இறங்கும் கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்து நடுவை நிரப்புகிறேன். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆனால் நம்முடைய எழுத்தில் எது இறங்குகிறது, எது ஏறுகிறது என்று முதலில் கையால் பழக வேணும். ‘ம’வைப் பாருங்கோ. இடப்பக்கக் கால் இறங்குகிறது, அது தடிப்பு. அடியில் வலமாகப் போய், ஏறி, வளைந்து திரும்பவும் உள்ளே இறங்குகிறது. அந்த உள் இறக்கமும் தடிப்பு. வலப்பக்க வளைவை மெல்லிசாகவே விட்டுவிடுங்கோ. அதையும் தடிப்பித்தால் ‘ம’ சாப்பிட்டு வயிறு ஊதின மாதிரி நிற்கும்.

‘அம்மம்மா’வில் ஐந்து எழுத்து, அதில் நாலு ‘ம’. ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக வந்தால் உடனே கண்ணில் குத்தும். அதனால் முதலில் ஒரு துண்டுத் தாளில் ஒரு ‘ம’வை மட்டும் நன்றாகக் கீறி, அதன் பின்பக்கத்தைப் பென்சிலால் கறுப்பாக்கி, காட்டின் மேல் வைத்து நாலு தரம் ஒற்றி எடுத்தேன். இன்னொன்று: மூன்றாவது எழுத்துத்தான் நடு என்று நினைத்துத் தொடங்கினேன், பிழைத்துப் போனது. கடைசி ‘மா’ கால் நீட்டிக்கொண்டு நிற்கிறதே! முழுச் சொல்லையும் அளந்துவிட்டு நடுவைப் பிடியுங்கோ. பென்சில் கோட்டை அழிக்கிறதுக்கும் அவசரப்படக் கூடாது. மை காயாமல் அழிறப்பரை வைத்த காட் இந்தா, மேசைக்குக் கீழே கிடக்கிறது. காட்ட மாட்டேன்.

அப்புறம், இதை முதலில் பனையோலையில் செய்யப் பார்த்தேன். வளவுக்குள் பனை நிற்கும்போது தாள் எதற்கு என்று ஒரு எண்ணம். கவராயத்தின் ஊசியால் கீறி, விளக்குக் கரியைப் பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வந்தது, நல்ல வடிவு. ஆனால் இரண்டாவது எழுத்தின் புள்ளியில் ஊசி ஓலையைத் துளைத்து, நார் வழியே கிழிந்து போனது. பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ஓலை கிழியும் என்பதுதான் காரணம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போதுதான் விளங்கியது. புள்ளி இல்லாமல் எழுதலாம்தான். ‘அமமமமா’ என்று வாசித்துவிட்டு அம்மம்மா எனக்கு எழுத்துத் தெரியாது என்று நினைப்பா.

காட்டில் அந்த இரண்டு புள்ளிக்கும் இரண்டு நெல்மணி ஒட்டியிருக்கிறேன். முதலில் முழு நெற்கதிரையே ஒட்டினேன், காட் மூடவில்லை. தண்ணியாக இருக்கிற பசை வேண்டாம், தாள் நெளியும். கட்டிப் பசையில் ஒரு குண்டூசித் தலை அளவு காணும்.

உள்ளே ‘நீடூழி வாழ்க’ எல்லாம் இல்லை. அவ ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்வதைத் திருப்பி அவவுக்கே பெரிதாக எழுதிவிட்டேன்: “சாப்பிட்டியோ? போய்ச் சேர்ந்தோண்ண கோல் எடு.” பக்கத்தில் ஒரு கச்சான் சரை, கடதாசியில் சுற்றின நிலக்கடலைதான், கீறியிருக்கிறேன். வழியில் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றால் அவவுக்குக் கச்சான் வேணும், கும்பிட்டு முடிய முதலே கேட்பா.

தபாலில் போடவில்லை. காலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகிறேன். முறிகண்டியில் இறங்கவும் வேணும். காட்டில் கச்சானைக் கீறிவிட்டு வெறுங்கையோடு போனால் விடமாட்டா.