பிலாவிலையில் குடித்த கஞ்சி

(தக்கலைப் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதித் தரச் சொன்னார்கள், ஏறக்குறைய அப்படியே தருகிறேன். எங்கள் பக்கத்தில் பிலா என்றால் பலா மரம், சக்கை என்றால் அதன் காயும் பழமும்.)

விழாத் தலைவர் அவர்களே, வார்டு உறுப்பினர் அவர்களே, மூன்று மணி விழாவுக்கு இரண்டே முக்காலுக்கே வந்து எங்களை வெட்கப்பட வைத்த தலைமையாசிரியை அவர்களே, டாக்டர் அவர்களே (கிளினிக்கில் ஆள் காத்திருந்தாலும் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போவேன் என்கிறார், காத்திருப்பவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்), நூலகர் அம்மா அவர்களே, பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிற தம்பிமார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் துவர்த்துத் துண்டு போர்த்தினீர்கள், அதற்குத் தனி நன்றி. வீட்டில் பொன்னாடை பதினேழு கிடக்கிறது, ஒன்றும் தலை துவட்ட ஆகாது.

எனக்குத் தந்த தலைப்பு 'பழைய பண்ணையில் குடும்பத்தோடு ஒரு நாள்'. மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்று குறித்து வந்தேன். ஒன்று, அங்கே பார்த்தது. இரண்டு, 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் கடைவயலுக்கு ஏன் வந்து சேரவில்லை என்பது. மூன்று, பிள்ளைகளின் படிப்பு. பார்ப்போம்.

குலசேகரம் தாண்டி ஒரு பழைய தோட்டவீடு. அந்தக் குடும்பத்தார் ஏர், நுகம், மரக்கால், நாழி எதையும் பழைய சாமான் எடுக்கிற ஆக்கருக்குப் போடாமல் வைத்து, முன்கூட்டிச் சொன்னால் வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். நாங்கள் பதினொரு பேர் போனோம், என் அம்மாவுக்கு 81 வயது, பேத்திக்கு நாலு. நெல் போடுகிற பத்தாயத்துக்குள் பிள்ளைகள் இறங்கி ஒளிந்துகொண்டார்கள், மதியம்வரை ஏறவே இல்லை. அப்புறம் குளத்தில் துவர்த்து விரித்து மீன் பிடித்தார்கள். கிடைத்தது மூன்று குஞ்சு, அதையும் திரும்ப விட்டுவிட்டார்கள்.

மதியம் கஞ்சி, சிறுபயறு, சக்கைத் துவரன். கரண்டி கிடையாது. அம்மா கீழே கிடந்த பழுத்த பிலாவிலை ஒன்றை எடுத்து, துடைத்து, கூம்பு போலக் கோட்டி, ஓலை ஈர்க்கை ஒடித்து ஒரு குத்து. ஐந்து விநாடிதான், கரண்டி தயார். பேத்தி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பதினொரு பேருக்கும் அம்மாதான் கோட்டிக் கொடுத்தாள். அந்த இலையில் கஞ்சி குடித்தால் உதட்டில் சுடாது, ஒரு பச்சை வாசம் வரும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

இப்போது என் அத்தான் கதைக்கு வருகிறேன். அவரும் முன்வரிசையில் இருக்கிறார், அனுமதி வாங்கிவிட்டேன். அத்தானுக்கு அன்று சாயங்காலம் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பு, அதனால் சரிகை வேட்டியிலேயே வந்திருந்தார். தோட்டக்காரர் ஒரு வருக்கைச் சக்கையைத் தூக்கி வந்து போட்டார், இருபது கிலோ இருக்கும். வெட்ட நான் ஆச்சு என்று அத்தான் கத்தியை வாங்கினார். அம்மா திண்ணையிலிருந்து, "மருமகனே, கையில எண்ணெ தேச்சுட்டுத் தொடுங்க" என்றாள். "அத்தை, நான் சின்னதிலேயே எத்தனை சக்கை வெட்டினவன்" என்றார் அத்தான். வெட்டினார். பால் வந்தது. சக்கைப் பாலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கையும் பசை. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது, கல்யாண வீட்டிலிருந்து. எடுத்துக் காதில் வைத்தார், பேசி முடித்தார், போன் கையை விட்டு வரவில்லை. மற்ற கையால் பிடுங்கினார், இப்போது இரண்டு கையும் போனில். மூக்கு அரித்தது. தோளால் மீசையைத் துடைத்ததில் சட்டைத் தோளில் இருந்த பால் மீசைக்கு ஏறியது. நாலு வயசுப் பேத்தி அடக்க முடியாமல் சிரித்துத் தரையில் உருண்டாள். கடைசியில் அம்மாதான் தேங்காய் எண்ணெயோடு இறங்கி வந்து, ஒவ்வொரு விரலாகத் தேய்த்து விடுவித்து, "எத்தனை சக்கைன்னு சொன்னீங்க மருமகனே?" என்று கேட்டாள். வரவேற்புக்குத் தோட்டக்காரரின் சட்டையில்தான் போனார். மீசை? அதை அவரிடமே கேளுங்கள்.

சிரித்தது போதும். அந்தத் தோட்டத்தில் பன்னிரண்டு பிலா நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் அதுபோல நின்றதெல்லாம் எங்கே? ரப்பருக்காகப் போனது பாதி, வீடு விரிக்கப் போனது பாதி. மரம் வாங்குகிற தடிக்காரர் வந்து ரூபாயை நீட்டினால் தாத்தா வைத்த மரம் ஒரு மத்தியானத்தில் சாய்ந்துவிடுகிறது. நல்ல விலையுள்ள தடிதான், இல்லை என்று சொல்லவில்லை. வீணையும் மிருதங்கமும் அந்தத் தடிதான். பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனைத் தாய்க்கொட்டாரத்தில் சித்திர வேலை செய்த பிலாத்தூண் நிற்கிறது, எத்தனை தடவை பக்கத்தில் நின்று போட்டோ எடுத்திருக்கிறோம்! ஆனால் தூணுக்கு ஒரு மரம் வெட்டினவன் வேறு மரம் வைத்தான். நாம் வைப்பதில்லை.

நம் மட்டி வாழைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். கேரளத்தில் 2018-இல் சக்கையை மாநிலப் பழம் என்று அறிவித்தார்கள், கொண்டாடினார்கள். தமிழ்நாட்டுக்கும் மாநிலப் பழம் பலாதான், இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்கள். ஆறு. தலைமையாசிரியை அவர்களையும் சேர்த்துத்தான்.

ஆள் இல்லை, இடம் இல்லை, விழுந்தால் ஓடு உடையும், தின்றால் வயிறு ஊதும் என்று ஆயிரம் சாக்கு. என் அம்மா ஒன்றுதான் சொல்வாள், நீங்களும் கேட்டு வளர்ந்ததுதான்: வேணும்னா சக்கை வேரிலும் காய்க்கும். சும்மா பழமொழிக்குச் சொன்னது இல்லை, அந்தத் தோட்டத்தில் பார்த்தேன், அடிமரத்தில் மண்ணைத் தொட்டுக்கொண்டு இரண்டு காய், பேத்தி உட்கார்ந்து தடவிப் பார்க்கிற உயரத்தில். ஒரு மரம் இருந்தால் பிஞ்சான இடிச்சக்கையிலிருந்து தொடங்கி அவியல், வற்றல், வெல்லத்தில் கிளறிய வரட்டி, பிரதமன் பாயசம், குரு என்கிற கொட்டை, தோல் பசுவுக்கு, இலை ஆட்டுக்கு, கஞ்சிக்குக் கரண்டி. இதற்கு மேல் ஒரு மரம் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

வார்டு உறுப்பினர் அவர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அழகுக்கு என்று சாலையோரம் எதையெதையோ நடுகிறோம், பள்ளிக்கூட வளாகத்திலும் குளக்கரையிலும் பிலா நடுவதற்குத் தீர்மானம் போடுங்கள். நிதி இல்லை என்பீர்கள். வேணும்னா சக்கை வேரிலும் காய்க்கும் சார், கன்றுக்கு நாங்கள் பொறுப்பு, தண்ணீருக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு. சிரிக்கிறார், சம்மதம் என்று எழுதிக்கொள்ளுங்கள் செயலாளரே.

தண்ணீர் என்றதும்தான் இரண்டாவது விஷயம் ஞாபகம் வருகிறது. செயலாளர் வாட்சைக் காட்டுகிறார். சரி, அதுவும் மூன்றாவதும் அடுத்த வருஷம்.

வெளியே ஆட்டோவில் நாற்பது கன்று இருக்கிறது, அம்மா குரு போட்டு முளைக்க வைத்தது. வீட்டுக்கு ஒன்று, வைக்க இடமுள்ளவர்கள் மட்டும் எடுங்கள். முதல் கன்றை விழாத் தலைவர் நூலகத்துக்குப் பின்னால் கிணற்றுக்கு வடக்கே நடுகிறார், குழி காலையிலேயே எடுத்தாச்சு. டாக்டர் சார், நீங்கள் ஒரு கை மண் போட்டுவிட்டுப் போங்கள். அத்தான், நீங்கள் கன்றைத் தொட எண்ணெய் வேண்டாம்.