வரிசையில் நிற்பவர்களின் கலை

நண்பர்களே, வணக்கம். அகதிகளின் கலை என்றதும் படகும் கடலும்தான் நம் கண்முன் வரும். நான் இன்று பேச வந்தது காத்திருப்பைப் பற்றி. படகுப் பயணம் சில நாளில் முடிந்துவிடும். அடைக்கலம் உண்டா, இல்லையா என்ற பதிலுக்கு ஆண்டுக்கணக்காகும்.

2013 ஜூலை 19 அன்று, இனிப் படகில் வரும் எவரையும் தன் நாட்டில் குடியேற விடமாட்டோம் என்று ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது. அதற்குச் சில நாள் கழித்து வந்து சேர்ந்தவர் பெஹ்ரூஸ் பூச்சானி, ஈரானின் குர்திய இதழாளர். பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவு முகாமில் அவரைக் கொண்டுபோய் அடைத்தார்கள். நம் ஈழத்துப் பிள்ளைகளும் அந்த முகாமில் இருந்தார்கள்.

கையில் ஒளித்து வைத்திருந்த ஒரு கைபேசி. அதில் தன் முகாம் வாழ்க்கையைப் பாரசீக மொழியில் தட்டித் தட்டி, வாட்ஸ்அப் வழியாகத் துண்டு துண்டாக வெளியே அனுப்பினார். ஒமித் தோஃபிகியான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 2018இல் புத்தகமாக வந்தது.

அதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வரிசைதான். சாப்பாட்டுக்கு வரிசை, தொலைபேசிக்கு வரிசை, கழிப்பறைக்கு வரிசை. சாப்பாட்டு வரிசையில் எப்போதும் முதலாளாகப் போய் நிற்கும் ஒருவர் வருகிறார். அவருக்கு 'மாடு' என்று பெயர். கடைசியில் நிற்பவருக்கு நல்லதாக எதுவும் மிஞ்சாது என்பதால், பசித்தவன் பசித்தவனையே வெறுக்கத் தொடங்குகிறான். அடிக்காமலே மனிதர்களை உடைக்கும் வழி இது. விசாரணை அதிகாரி எதற்குத் தப்பி வந்தாய், எந்தத் தேதியில் வந்தாய் என்றுதான் கேட்பார். இந்த வரிசை உன்னை என்ன செய்தது என்று கேட்க அவருடைய படிவத்தில் இடமில்லை. அதை எழுதி வைக்கக் கலை ஒன்றுதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே போன்ற கைபேசியில் ரகசியமாகப் படமெடுத்து, இயக்குநர் ஆராஷ் கமாலி சர்வெஸ்தானியுடன் சேர்ந்து 2017இல் 'சௌகா, எங்களுக்கு நேரம் சொல்' என்ற திரைப்படத்தையும் பூச்சானி தந்தார். சௌகா என்பது மானுஸின் பறவை; அதன் குரலைக் கேட்டு நேரம் சொல்வார்கள் தீவு மக்கள். முகாமின் தனிமைச் சிறைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்களிடமிருந்து பறவையின் பெயரையும் பறித்துக்கொண்ட கொடுமை அது. படம் அதைப் பதறாமல், நிதானமாகக் காட்டுகிறது.

அப்புறம், ஹோடா அஃப்ஷார் என்ற ஒளிப்படக் கலைஞர். 2018இல் மானுஸுக்கே போய், நெருப்பு, நீர், மண் என்று அவரவர் தேர்ந்தெடுத்ததோடு அங்கே சிக்கியிருந்த அகதிகளைப் படமெடுத்தார். தங்களை எப்படிக் காட்டுவது என்பதில் அவர்கள் சொல்லும் எடுபட்டது. பார்ப்பவர் இரக்கப்பட வேண்டும் என்பதற்காகவே எடுக்கப்படும் படங்களைவிட இவற்றை நான் மேலாக மதிக்கிறேன்.

2019 ஜனவரியில் பூச்சானியின் புத்தகத்துக்கு விக்டோரியா மாநிலத்தின் பெரிய இலக்கிய விருது கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவரால் வர முடியவில்லை, காணொளியில் பேசினார். அந்த நவம்பரில் ஓர் இலக்கிய விழாவுக்கு அழைப்பு வந்துதான் நியூசிலாந்து போனார். அந்த நாடுதான் 2020இல் அடைக்கலமும் தந்தது. மானுஸில் அவரோடு வரிசையில் நின்ற பலர் அப்போதும் பதிலுக்குக் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.