கார்புரேட்டரின் உறுமல்

நேயர்களுக்கு வணக்கம். கார் சத்தம் என்றால் பின்னால் இருக்கிற சைலன்சரைத்தான் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். முன்னால், பானட்டுக்கு அடியிலும் ஒரு சத்தம் உண்டு. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் 1924 முதல் ஃபோர்டு மாடல் டி கார்களைப் பாகம் பாகமாகப் பொருத்தி உருவாக்கினார்கள். அதற்கு நாலு சிலிண்டர். ஒவ்வொரு பிஸ்டனும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கீழே இறங்கி, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும். இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுற்று சுற்றினால் 3,200 இழுப்பு, நொடிக்கு 53. வால்வு திறந்து மூடுவதால் காற்று விட்டு விட்டுத்தான் ஓடும். அந்த அதிர்வு குழாய் வழியே திரும்பி வந்து, கார்புரேட்டர் வாயில் உறுமலாக வெளியேறும்.

மாடல் டி ஓட்டியவர்கள் இதைக் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். கியர் சத்தமும் துணிக்கூரையின் படபடப்பும் போதாதா? 1920களின் கடைசியில் நாலு பக்கமும் மூடிய கார்கள் பெருகின. சைலன்சரும் தேறியது. அப்புறம்தான் உறுமல் தனியாகக் காதில் விழ ஆரம்பித்தது.

டர்பன் பக்கம், பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறும் பழைய காரைக் கேட்டுப் பாருங்கள். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகடு சமதரையில் பாதி மூடியிருக்கும். அதுவே சத்தத்தைக் கொஞ்சம் மறித்துவிடும். ஏற்றத்தில் பெடலை அழுத்தினால் தகடு முழுக்கத் திறந்துகொள்ளும். மறிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கார்புரேட்டர் வாயைச் சிறிதாக்கினால் சத்தம் குறையும், ஆனால் இன்ஜினுக்கு மூச்சு முட்டும். உள்ளே கம்பளி ஒட்டலாம். அது ‘உஸ்’ஸென்ற கீச்சொலியைத்தான் விழுங்கும், அடித்தொண்டை உறுமல் அதற்கு மசியாது. பக்கவாட்டில் நுனி அடைத்த குழாய் ஒன்றைப் பொருத்தலாம். அதற்குள் போன அலை திரும்பி வந்து எதிர் அலையாக நின்று சத்தத்தை அடக்கும். ஆனால் நொடிக்கு 53 அதிர்வுக்கு அந்தக் குழாய் ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீள வேண்டும். பானட்டுக்குள் எங்கே வைப்பது?

வழி 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. செம்பின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரே சுருதியில் ஒலிக்குமே, அந்தக் கணக்கை ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வகுத்துவைத்திருந்தார். கழுத்து நீண்டாலும் வயிறு பெருத்தாலும் சுருதி இறங்கும். கழுத்து அகன்றால் ஏறும். உறுமலின் சுருதிக்குப் பொருந்தும்படி ஒரு தகரப் பெட்டி செய்து காற்றுக்குழாயோடு சேர்த்தால், அந்தச் சத்தத்தைப் பெட்டி வாங்கிக்கொள்ளும். காற்றோ தடையில்லாமல் உள்ளே போகும். எனக்கு இதில் பிடித்தது இந்தச் சிக்கனம்தான்: அசையும் பாகம் எதுவும் இல்லை, வெறும் தகரமும் காலி இடமும். 1930களில் இதையும் ஏர் ஃபில்டரையும் ஒரே டப்பாவில் அடக்கிவிட்டார்கள்.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கழற்றி எறிவது அந்த டப்பாவைத்தான். பளபளக்கும் சின்ன ஃபில்டர் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறுமல் திரும்பிவிடும். காற்று கூடிப்போவதால் மோரிஸ் மைனர் போன்ற எஸ்யூ கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிக்கும் ஊசியையும் மாற்றவேண்டி வரலாம். டப்பா துருப்பிடித்திருந்தால் ஒட்டுப் போடுங்கள். கழுத்தின் அளவை மட்டும் மாற்றாதீர்கள்.