கணவாய் மீனல்ல, கடல் அட்டை அட்டையல்ல

விழாத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, முக்கால் மணி நேரம் சுவை குன்றாமல் பேசி எனக்கு இருபது நிமிடம் மிச்சம் வைத்த புலவர் ஐயா அவர்களே, கடைசி வரிசையில் நிற்கும் கடலோடிப் பெருமக்களே, வணக்கம். பொன்னாடையை மடித்துக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு ஆகும் என்று செயலாளர் கண்ணைக் காட்டுகிறார்.

விலங்குகளை எப்படிப் பெரும் பிரிவுகளாகப் பிரிக்கிறார்கள்? முதுகெலும்பு, உடலமைப்பு, மரபணு என்று மூன்று செய்தி வைத்திருக்கிறேன். மூன்றுக்கும் பழமொழி ஒன்றுதான்: வெளுத்ததெல்லாம் பாலல்ல.

விலங்கு என்றதும் மாடும் நாயும்தானே நினைவுக்கு வருகின்றன? உலகிலுள்ள விலங்கினங்களில் 100-க்கு 95-க்கு மேல் முதுகெலும்பே இல்லாதவை. யானை முதல் நெத்திலி வரை எல்லாம் மிச்சமுள்ள ஐந்துக்குள் அடக்கம்.

சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758-இல் விலங்குகளை ஆறு வகுப்பாக்கினார். ஆறாவது வகுப்புக்குப் பெயர் புழு. நத்தை, கணவாய், நட்சத்திர மீன் எல்லாம் அதற்குள். நம் வீட்டுப் பரண் மாதிரி, இடம் தெரியாததை எல்லாம் மேலே ஏற்றிவிட்டார்! ஆனால் முன்பு தாமே மீன்களோடு வைத்த திமிங்கலத்தை அதே பதிப்பில் பாலூட்டிகளோடு சேர்த்தார். வெளுத்ததெல்லாம் பாலல்ல என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்ததைப் புலவர் ஐயா சொல்லிவிட்டார். ‘நண்டும் தும்பியும் நான்கறிவினவே’. இன்றைக்கும் அவ்விரண்டும் கணுக்காலிகள் என்ற ஒரே தொகுதி, அதாவது ஒரே பெரும் பிரிவுதான். எறும்பும் அதே தொகுதி. அவர் அதை மூவறிவில் வைத்தார். அவர் கணக்கு வேறு.

உடலமைப்புக்கு வருகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஆசிரியராக இருந்தபோது கரும்பலகையில் நட்சத்திர மீனை வரைந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். “சார், மீனுன்னா செவுளு இருக்கணும்ல? இதுக்குச் செதிலும் இல்ல, செவுளும் இல்ல. மீனா இருந்தா எங்கம்மா கொழம்பு வச்சிருக்கும் சார்!” வகுப்பே சிரித்தது. உட்காரடா என்றேன். மறுநாள் தூக்குவாளியில் கடல் தண்ணீரோடு ஒன்றை உயிரோடு கொண்டுவந்துவிட்டான். அகன்ற பேசினில் விட்டு மல்லாத்திப் போட்டோம். முதலில் அசைவே இல்லை. பிறகு ஒரு கையின் நுனி மெல்ல மடங்கியது. அடியில் நூறு நூறாகக் குழாய்க்கால்கள் தரையைத் துழாவின. மணி அடித்தும் ஒருவனும் எழவில்லை. சத்தம் போட வந்த தலைமை ஆசிரியர், “நகருங்கடா, மறைக்குது” என்று தாமும் குனிந்துகொண்டார். அது புரண்டு விழுந்ததும் கைதட்டல்! சாயங்காலம் பையனே கடலில் விட்டான். அன்றிலிருந்து நான் அதை மீன் என்று எழுதுவதில்லை.

அது முட்தோலி, தோலில் முள் உள்ள கூட்டம். கடல் அட்டையும் அதே கூட்டம். வயல் அட்டைக்கும் அதற்கும் பெயரில்தான் உறவு. இன்னொன்று சொல்கிறேன், அம்மையார் பொறுத்தருள வேண்டும். கரு வளரும்போது முதலில் தோன்றும் துளை நத்தையும் கணவாயும் சேர்ந்த கூட்டத்தில் பெரும்பாலும் வாயாகிறது. நமக்கோ பின்வாசல் ஆகிறது. நட்சத்திர மீனுக்கும் கடல் அட்டைக்கும் அப்படியே! ஆக, புத்திசாலிக் கணவாயைவிடக் கடல் அட்டைதான் நமக்கு நெருங்கிய சொந்தம். வெளுத்ததெல்லாம் பாலல்ல!

அந்தச் சொந்தத்தைப் பிடிக்கக் கூடாதென்று 2001-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் எந்த உயிருக்குச் சட்டம் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? பாடநூலில் முட்தோலி, குழியுடலி. வீட்டில் அட்டை, ஜெல்லி மீனாகிய சொறி. இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. ஆவுளியா என்ற கடற்பசு குட்டிக்குப் பால் கொடுக்கும், அது மீனில்லை என்று இங்குள்ள பெரியவர்கள் லின்னேயஸைக் கேட்டா தெரிந்துகொண்டார்கள்? அதற்கு யானை சொந்தம் என்பதை மட்டும் நாம் சேர்த்துச் சொன்னால் போதும். நான் கேட்பது ஒன்றே: ஒவ்வொரு தொகுதியின் பெயருக்குப் பக்கத்திலும் கடற்கரை மக்கள் வழங்கும் பெயரையும் பாடநூலில் அச்சிட வேண்டும்.

மரபணுவைச் சொல்லவில்லை. தலைவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறோம். போன கூட்டத்தில் காணாமல் போய்விட்டது. வணக்கம்.