ஒரு பவுனுக்கு எத்தனை டன் கல்லு? தங்கவயல் கணக்கு

வணக்கம் மக்களே. பின்னாடி சத்தம் கேக்குதா? பெங்களூர் கே.ஆர்.புரம் ஸ்டேஷன். மாரிக்குப்பத்துல இருந்து வர்ற காலை வண்டி இப்பதான் நின்னுச்சு. இறங்குற கூட்டத்துல திரும்புற பக்கமெல்லாம் தமிழ்தான் காதுல விழும். கோலார் தங்கவயல், அதான் கே.ஜி.எஃப். ஆளுங்க. தங்கம் விளைஞ்ச ஊர்க்காரங்க பெங்களூருக்கு ஏன் வேலைக்கு வரணும்? ஒரு டன் பாறையில எத்தனை கிராம் தங்கம்ங்கற கணக்கைப் போட்டாலே பாதி விஷயம் விளங்கிடும்.

1802-ல ஜான் வாரன்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி மாரிக்குப்பம் பக்கம் ஜனங்க மண்ணை அலசித் தங்கம் எடுக்கறதைப் பாத்து எழுதி வெச்சாரு. 1873-ல லாவெல்ங்கற அயர்லாந்துக்காரர் மைசூர் சர்க்கார்கிட்ட லைசென்ஸ் கேட்டு, 1875-ல வாங்கினாரு. 1880-ல லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்துச்சு. முதல்ல எல்லாருக்கும் நஷ்டம். பழங்காலத்து ஆளுங்க தோண்டி முடிச்ச குழிக்கும் கீழ போனப்பதான் நல்ல ரீஃப், அதாவது தங்கம் ஓடற கல்லு நரம்பு, கிடைச்சுது. ஆத்து மணலா இருந்தா ஒரு தட்டு போதும், யாரு வேணா அலசலாம். இங்க தங்கம் வெள்ளைக் கல்லு நரம்புக்குள்ள, கண்ணுக்கே தெரியாத பொடியா இருக்கு. அதை எடுக்கப் பெரிய மெஷினும் பெரிய முதலும் வேணும். அதனால கூலிக்காரன் கூலிக்காரனாவே இருந்தான், லாபம் லண்டனுக்குப் போச்சு.

நல்லா விளைஞ்ச காலத்துல டன்னுக்கு 40 கிராமுக்கு மேலயே கிடைச்சுது. அதாவது ஒரு டன் கல்லுல 5 பவுன். இந்தக் கணக்குக்காக என்ன வேணா செய்யலாம், செஞ்சாங்க. 1902-ல சிவனசமுத்திரத்துல காவிரித் தண்ணியில கரண்ட் எடுத்து, 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுபோனாங்க. பெங்களூர் தெருவுக்கு லைட் வந்தது 1905-ல. நம்ம சிட்டிக்கு முன்னாடியே சுரங்கத்துக்குக் கரண்ட்!

எடுக்கற முறை இப்படி. வெடிவெச்சு உடைச்ச கல்லை மேல ஏத்தி, மில்லுல மாவா இடிப்பாங்க. அந்தச் சேறு பாதரசம் தடவின செம்புத் தகடு மேல ஓடும். தங்கம் பாதரசத்தோட ஒட்டிக்கும். வழிச்சு எடுத்துச் சூடு பண்ணினா பாதரசம் ஆவியாப் போய், தங்கம் நிக்கும். ஒட்டாமத் தப்பிச்ச பொடியை சயனைடுத் தண்ணியில ஊறவெச்சுக் கரைப்பாங்க. தண்ணி ரொம்ப நீர்த்ததுதான், ஆனா சுண்ணாம்பு கண்டிப்பாச் சேக்கணும். சுண்ணாம்பு குறைஞ்சா சயனைடு விஷவாயுவாக் கிளம்பிடும். காத்து பத்தலைன்னா தங்கம் கரையவே கரையாது. கரைஞ்சதைத் துத்தநாகப் பொடி போட்டுத் திரும்பப் பிரிப்பாங்க. மிச்சச் சக்கையைக் கொட்டிக் கொட்டி வளந்ததுதான் ஊரைச் சுத்தி நிக்கற சயனைடு மேடு.

கீழ இறங்கினவங்க யாரு? வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கத்து ஜனங்க, பெரும்பாலும் தலித்துங்க. ஊர்ல ஆண்டை நிலத்துல குனிஞ்சவங்களுக்கு இங்க சம்பளமும் லைன் வீடும் கிடைச்சுது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாச பண்டிதரோட பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்துலயும் சாம்பியன் ரீஃப்லயும் கிளை இருந்துச்சு. 1930-ல கைரேகை எடுத்துப் பதிவு பண்ணப் பாத்தப்ப ஸ்ட்ரைக் பண்ணினாங்க. வேலைக்கு வந்தவனைத் திருடன் மாதிரி ரேகை வைக்கச் சொன்னா வேற என்ன நடக்கும்?

ஆழம் போகப் போக ரெண்டு எமன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழ போச்சு, அங்க பாறைச் சூடே 60 டிகிரிக்கு மேல. ஒண்ணு பாறை வெடிப்பு. கல்லை எடுத்த காலி இடத்தைச் சுத்தி மேல இருக்கற மலை எடை முழுக்க அழுத்தும். திடீர்னு பாறை தானா வெடிச்சுச் சிதறும். மேல வீட்ல பாத்திரம் ஆடும். மர முட்டு தாங்காதுன்னு கருங்கல்லாலயே சுவர் கட்டி நிரப்பினாங்க. இன்னொன்னு தூசி. காஞ்ச துளை போட்டா சிலிக்கா நேரா நுரையீரலுக்கு. தண்ணி விட்டுத் துளைச்சா குறையும், முழுசா நிக்காது.

கடைசியில டன்னுக்கு 3 கிராம் பக்கம் வந்துடுச்சு. அப்ப ஒரு பவுனுக்கு கிட்டத்தட்ட 3 டன் கல்லு, அதுவும் 3 கிலோமீட்டர் ஆழத்துல இருந்து. 2001 பிப்ரவரி 28 அன்னைக்கு மூடிட்டாங்க. பம்ப் நின்னதும் தண்ணி ஏறிடுச்சு. 120 வருஷத்துல வெளிய போனது 800 டன்னுக்கு மேல.

பாக்கப் போறவங்க சயனைடு மேட்டு மேல ஏறாதீங்க. மழை அரிச்ச ஓரம் பொசுக்குனு உள்வாங்கும். காத்தடிக்கற நாள்ல மூக்கை மூடிக்கோங்க, அடியில தேங்கின தண்ணியில கை வைக்காதீங்க.

அந்த மேட்டையே திரும்ப அலசறதுக்கு 2024-ல கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் குடுத்துச்சு. 13 மேடு, சுமார் 3.3 கோடி டன். டன்னுக்கு ஒரு கிராம் கூடத் தேறாது. ஆனா ஏற்கனவே இடிச்ச மாவு, கீழ இறங்க வேண்டியதில்ல, அதனால கட்டுப்படியாகலாம். ஜேசிபியும் தொட்டியும் செய்யற வேலை அது, ஆள் கொஞ்சம் போதும். இந்தக் காலை வண்டியில ஒரு பெட்டிக் கூட்டம் குறைஞ்சாலே எனக்கு ஆச்சரியம்தான்.