சீட்டுக்குத் தோல் வாங்குவதற்கு முன்னால் பழைய கவரைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. மேசை மேல் கிடப்பது என் வண்டியின் டிரைவர் சீட் கவர். நேற்று ராத்திரிதான் உரித்தெடுத்தேன். புதுக் கவருக்கு எந்தத் தோல், எந்தத் தையல் என்று இன்றைக்கு முடிவு செய்யப் போகிறேன். கூடவே இருந்து பாருங்கள்.

இந்த வேலையில் இறங்குகிற பலரும் நிறத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். கறுப்பா பழுப்பா, நூல் சிவப்பா வெள்ளையா என்று. அதற்கு நேரம் இருக்கிறது. முதலில் பழைய கவர் எங்கே கெட்டது, எப்படிக் கெட்டது என்று பார்க்க வேண்டும்.

கேமராவைக் கிட்டே கொண்டு போகிறேன். இது கதவுப் பக்கத்துப் போல்ஸ்டர், அதாவது சீட்டின் ஓரத்தில் மேடாக நிற்கிற பகுதி. ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை இதன் மேல்தான் வழுக்கிக்கொண்டு போகும். மேல்பூச்சு முழுக்கப் போய்விட்டது, கீழே தோல் நார் நாராகத் தெரிகிறது. இது தேய்மானம். பல வருடம் உழைத்த தோல், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது இங்கே பாருங்கள், உட்காருகிற இடத்தின் நடுப்பகுதி. தையல் ஓடிய கோட்டிலேயே கிழிந்திருக்கிறது. நூலைத் தடவிப் பார்க்கிறேன், ஒரு இடத்தில்கூட அறவில்லை. தோல்தான் ஒரு ஊசித் துளையிலிருந்து அடுத்த துளைக்குக் கிழிந்துகொண்டே போயிருக்கிறது, தபால்தலையைத் தாளிலிருந்து கிழித்தெடுப்போமே, அதே மாதிரி. இந்த நடுப்பகுதி கம்பெனித் தையல் கிடையாது. ஒரு கடையில் கொடுத்து மாற்றியது. ஸ்கேலை வைக்கிறேன். ஒரு அங்குலத்துக்குள் 11 தையல்! நெருக்கமாகத் தைத்தால் உறுதி என்று நினைத்திருக்கிறார்கள். துணிக்கு அது சரி. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகும். தோலில் ஒவ்வொரு குத்தும் ஒரு ஓட்டை, அது மறுபடி மூடாது.

ஆக, ஒரே கவரில் இரண்டு விதமான சேதம். தேய்மானத்துக்கு வழி தோலைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. கிழிசலுக்கு வழி தையலில் இருக்கிறது.

தோலுக்கு வருவோம். என்னிடம் நான்கு துண்டுகள் இருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்று போலத்தான் தெரியும். ஓரத்தை வெட்டிக் காட்டுகிறேன். முதல் துண்டு, மேல்தோல் முழுசாக இருக்கிற ஃபுல் கிரெய்ன். மேலே நார் இறுக்கமாகப் பின்னியிருக்கிறது, கீழே போகப் போகத் தளர்கிறது. இரண்டாவது, மேற்பரப்பை லேசாகத் தேய்த்துவிட்டு, அச்சில் புள்ளி அமைப்பை ஏற்றின தோல். வண்டிகளில் அதிகம் பார்ப்பது இந்த ரகம்தான், இதில் தப்பு ஒன்றும் இல்லை. மூன்றாவது, ஸ்ப்ளிட். மேல்தோலை உரித்த பிறகு மிஞ்சுகிற அடிப்பகுதி. அதன் மேல் பூச்சைப் போட்டு விற்பார்கள். விரலால் மடித்தால் பூச்சு தனியாகச் சுருங்குகிறது, தெரிகிறதா? நான்காவது, பாண்டட் லெதர். தோல் தூளைப் பசையோடு சேர்த்துத் தகடாக்கியது. நல்ல ரெக்சின் போட்டாலும் போடுங்கள், இதை மட்டும் சீட்டில் போட வேண்டாம். உரிய ஆரம்பித்தால் நிற்காது. ‘ஜெனுயின் லெதர்’ என்று முத்திரை இருந்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். ஸ்ப்ளிட்டும் ஜெனுயின்தான்.

தடிமன் 1 மில்லிமீட்டரிலிருந்து 1.4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சீட்டுக்குப் பொருத்தம். சட்டைக்குப் போடுகிற மெல்லிய தோல் சீக்கிரம் தொய்ந்துவிடும். பெல்ட் தைக்கிற 2, 3 மில்லிமீட்டர்த் தோலோ வளைவில் படியாது. மூன்று துண்டுகள் சேருகிற மூலையில் கட்டி மாதிரி புடைத்து நிற்கும். பெல்ட் தோல் பெரும்பாலும் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. வெயிலில் நிற்கிற வண்டிச் சூட்டில் அது இறுகிச் சுருங்கப் பார்க்கும். குரோமிய உப்பில் பதனிடுகிற குரோம் முறையிலோ, குரோம் இல்லாமல் வண்டிக்கென்றே பதனிட்ட முறையிலோ வந்த தோலைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் அனிலின் தோல். சாயம் மட்டும் ஏற்றி, மேலே நிறப்பூச்சு இல்லாமல் விடுகிற ரகம். தொட்டால் அவ்வளவு சுகம், எனக்கும் ஆசைதான். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுகிறேன், பாருங்கள். இந்தத் துண்டில் உடனே உறிஞ்சிக் கறுத்துவிட்டது. பூச்சுப் போட்ட இந்தத் துண்டில் முத்து மாதிரி நிற்கிறது, துடைத்தால் போய்விடும். வியர்வையும் வெயிலும் தினமும் படுகிற இடத்துக்குப் பூச்சுப் போட்டதுதான்.

ஒரு முழு மாட்டுத்தோல் சுமார் 50 சதுர அடி வரும். ஆனால் அந்த 50 அடியும் ஒரே குணம் என்று நினைத்துவிடக் கூடாது. முதுகுத்தண்டை ஒட்டிய பகுதி இறுக்கமானது. வயிற்றுப் பகுதி இழுத்தால் இழுத்த பக்கம் வரும், திரும்பப் போகாது. கழுத்தில் சுருக்கக் கோடுகள் இருக்கும். அதனால் உட்காருகிற இடமும் போல்ஸ்டரும் முதுகுப் பகுதியிலிருந்துதான் வெட்ட வேண்டும். வயிற்றுத் தோலை ஹெட்ரெஸ்ட்டின் பின்பக்கத்துக்கும் சீட்டின் அடிப்பக்கத்துக்கும் தள்ளிவிடலாம். காயத் தழும்பு, பூச்சி கடித்த ஓட்டை எல்லாம் இருக்கும், கால் பங்காவது கழிவில் போகும். அளந்த அளவுக்கே வாங்கிவிட்டுக் கடைசித் துண்டுக்கு அலையாதீர்கள். அதே நிறம் அடுத்த தடவை அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

முழுக்கத் தோல்தான் வேண்டும் என்பதும் இல்லை. உடம்பு படுகிற இடத்தில் தோல், பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் அதே நிறத்து ரெக்சின் என்று வண்டிக் கம்பெனிகளே செய்கின்றன. அல்காந்தரா பற்றியும் ஒரு வார்த்தை. நிறையப் பேர் அதைத் தோல் என்றே நினைக்கிறார்கள். பாலியஸ்டர் நுண்ணிழையும் பாலியூரித்தேனும் சேர்ந்த செயற்கைத் துணி அது. 1970இல் ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகமோட்டோ கண்டுபிடித்த நுட்பம். நடுப்பகுதியில் போட்டால் உடம்பு வழுக்காது. ஆனால் உராய்வு விழுகிற போல்ஸ்டரில் நாளடைவில் பஞ்சு பஞ்சாகத் திரண்டுவிடும்.

சரி, தையல். எனக்கு மனசுக்குப் பிடித்த பகுதி.

நூல் என்றால் பாண்டட் நைலான் அல்லது பாண்டட் பாலியஸ்டர். இங்கே பாண்டட் என்றால் இழை பிரியாதபடி மேலே பூச்சுப் போட்ட நூல், அந்தத் தூள் தோல் சமாச்சாரம் இல்லை. பருத்தி நூல் கூடவே கூடாது, ஈரத்தில் மக்கிவிடும். நைலான் உராய்வைத் தாங்கும், பாலியஸ்டர் வெயிலைத் தாங்கும். வெளியே தெரிகிற தையல் எல்லாவற்றுக்கும் நான் பாலியஸ்டர்தான் போடுகிறேன். இணைப்புத் தையலுக்கு டெக்ஸ் 90, ஊசி 18ஆம் நம்பர். டெக்ஸ் என்பது நூலின் பருமனைச் சொல்கிற அளவு, எண் கூடினால் நூல் தடிமன். மேலே அழகுக்கு ஓடுகிற தையல் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் டெக்ஸ் 135, அதற்கு 22ஆம் நம்பர் ஊசி. தோலுக்கு முனை வெட்டுகிற மாதிரியான ஊசி வேண்டும். அதே ஊசியை ரெக்சினில் போட்டால் அதையும் வெட்டித் தள்ளும், ரெக்சினுக்கு உருண்டை முனைதான். தையல் நீளம் 4லிருந்து 5 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு ஐந்தாறு தையல். அந்தப் 11ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு துண்டையும் முகத்தோடு முகம் வைத்து, ஓரத்திலிருந்து 12 மில்லிமீட்டர் விட்டுத் தைப்பது அடிப்படை. அதற்கு மேல் எப்படி முடிக்கிறோம் என்பதில்தான் ரகங்கள். உள்ளே இருக்கிற இரண்டு ஓரத்தையும் ஒரே பக்கம் சாய்த்து, மேலே ஒரு வரி டாப் ஸ்டிச் ஓட்டலாம். அந்த வரி மூன்று அடுக்கைப் பிடிக்கிறது, இழுப்பைப் பங்கு போட்டுக்கொள்கிறது. போல்ஸ்டர் உட்காரும் பகுதியோடு சேருகிற மூட்டுக்கு நான் இதைத்தான் போடப் போகிறேன். ஓரங்களை இரண்டு பக்கமும் விரித்து, மூட்டுக்கு இப்பாலும் அப்பாலும் ஒவ்வொரு வரி ஓட்டினால் அது பிரெஞ்ச் சீம். பார்க்க மிக அழகு. ஆனால் இழுப்பு முழுக்க உள்ளே இருக்கிற ஒற்றைத் தையலில் விழும், அதனால் அடியில் ஒரு நாடாவை வைத்துத் தைக்க வேண்டும். இரண்டு வரியும் மூட்டிலிருந்து ஒரே தூரத்தில் போக வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலும் கண்ணில் குத்தும். கை பழகாதவர்கள் தோலின் நிறத்திலேயே நூலைப் போடுங்கள்.

பைப்பிங், அதாவது மூட்டில் வைத்துத் தைக்கிற, உள்ளே கயிறு போட்ட உருண்டை ஓரம், கொஞ்சம் கோணலான மூட்டையும் மறைத்து, சீட்டுக்கு ஒரு வடிவம் கொடுக்கும். ஆனால் அது மேடாக நிற்பதால் முதலில் தேய்வதும் அதுதான். ஏறி இறங்குகிற பக்கத்தில் வேண்டாம்.

டைமண்ட் குவில்ட்டிங் எல்லாருக்கும் ஆசை. 6 மில்லிமீட்டர் ஃபோமோடு சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தைப்பது. இரண்டு விஷயம். தைக்கத் தைக்கத் துண்டு சுருங்கும். அதனால் பெரிய துண்டாக முதலில் குவில்ட் செய்துவிட்டு, அப்புறம் அளவுக்கு வெட்டுங்கள். அடுத்தது, கோடு கூடக் கூட ஓட்டையும் கூடும். உடம்பின் பாரம் முழுக்க விழுகிற இடத்தில் அத்தனை ஓட்டை எனக்குப் பிடிக்கவில்லை. முதுகு சாய்கிற நடுப்பகுதியில் மட்டும் நேர் கோடாக ஐந்து வரி, உட்காருகிற இடத்தில் தையலே இல்லாத ஒற்றைத் துண்டு. அந்தத் துண்டு காற்றோட்டத்துக்குச் சிறு துளை போட்ட தோல். துளை வரிசையும் தையல் வரிசையும் ஒன்றின் மேல் ஒன்று வராமல் வெட்டிக்கொள்ள வேண்டும், வந்தால் மறுபடி தபால்தலைக் கதைதான்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். முதுகுப் பகுதியின் வெளிப்பக்கம் ‘ஏர்பேக்’ என்று சின்ன லேபிள் தைத்திருக்கிறதா பாருங்கள். என் சீட்டில் இதோ இருக்கிறது. பக்கவாட்டு ஏர்பேக் இந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதற்காகவே அந்த மூட்டைத் தனி நூலில், தனி முறையில் தைத்திருப்பார்கள். அங்கே உறுதியான நூலைப் போட்டாலோ, மேலே இன்னொரு கவரை மாட்டினாலோ, பை வர வேண்டிய நொடியில் வராது, அல்லது தப்பான பக்கம் வரும். அந்தப் பக்கத் துண்டை நான் தொடப் போவதில்லை. கம்பெனித் துண்டு அப்படியே இருக்கும், புதுத் தோலை அதன் நிறத்துக்குப் பொருத்தமாகத் தேர்ந்தெடுக்கிறேன். சீட்டைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்துதான் அடியில் இருக்கிற மஞ்சள் நிற இணைப்பைத் தொட வேண்டும். முன் பயணி சீட்டில் ஆள் இருப்பதை அறிகிற சென்சார் இருந்தால், ஃபோமின் தடிமனை உங்கள் இஷ்டத்துக்கு மாற்றாதீர்கள்.

இனி நிறம். வெளிர் தோலில் ஜீன்ஸ் சாயம் ஒட்டும், கறுப்பு வெயிலில் கொதிக்கும். நான் நடுத்தரப் பழுப்பு எடுத்திருக்கிறேன். மிச்சத் துண்டில் மூன்று நிற நூலில் ஒவ்வொரு வரி தைத்து வெளியே கொண்டுபோய்ப் பார்த்தேன். விளக்கில் அழகாகத் தெரிந்த கிரீம் நூல் வெயிலில் பல்லைக் காட்டியது. தோலை விட ஒரு படி கருத்த பழுப்பு நூல், அதுதான் முடிவு.

இப்போது பழைய கவரைப் பிரிக்கப் போகிறேன், வெட்டுவதற்கு அச்சு இந்தத் துண்டுகள்தான். பிரிக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், எந்தப் பக்கம் மேலே என்று ஒரு அம்புக்குறி, மூட்டுக்குக் குறுக்கே இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு. தைக்கும்போது இந்தக் கோடும் அந்தக் கோடும் சேர்ந்தால் துண்டு சரியாக உட்காரும். ஒன்றாம் நம்பர், உட்காருகிற நடுத்துண்டு. பிரிகருவியை உள்ளே விடுகிறேன். கிழிந்த பக்கம் பாருங்கள், பிரிக்கவே வேண்டாம், கையோடு வருகிறது.