வாய் பேசாதபோது கண் பேசும்: மயங்கிக் கிடப்பவருக்குப் பக்கவாதமா?

வணக்கம். நினைவின்றிக் கிடப்பவரிடம் போய், ‘சிரியுங்கள், இரண்டு கைகளையும் தூக்குங்கள், பெயரைச் சொல்லுங்கள்’ என்று கேட்டு என்ன பயன்? பக்கவாதத்தைக் கண்டறிய நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் இந்த முகம், கை, பேச்சுச் சோதனை, 1998-இல் இங்கிலாந்தில் உருவானது. ஆனால் அது விழித்திருப்பவருக்கே பொருந்தும்.

ஆம்புலன்ஸில் வரும் மருத்துவ உதவியாளர் மூச்சுப்பாதையைச் சரிசெய்த கையோடு விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை மிகவும் குறைந்தவருக்கும் சில சமயம் ஒரு பக்கக் கையும் காலும் விழுந்து, அச்சு அசல் பக்கவாதமாகவே தோன்றும். குளுக்கோஸ் ஏறியதும் அவரே எழுந்து உட்கார்ந்து, ‘ஏன் இத்தனை கூட்டம்?’ என்று கேட்கக்கூடும். மயக்கத்தின் ஆழத்தை 3 முதல் 15 வரை அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலை 1974-இல் டீஸ்டேல், ஜென்னெட் இருவரும் வகுத்தார்கள். அது ஆழத்தைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இமைகளை மெல்லத் திறந்து பாருங்கள். மூளையின் வலது அரைக்கோளம் பெரிதாகச் சேதமடைந்திருந்தால், இரண்டு கண்களும் பெரும்பாலும் வலப்பக்கமே ஒதுங்கி நிற்கும். குற்றவாளி இருக்கும் திசையைச் சாட்சி பார்ப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலிழந்திருப்பது இடது கையும் காலும். ஆனால் சேதம் மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் இருந்தால், கண்கள் செயலிழந்த பக்கமே திரும்பிவிடும். வலிப்பின்போதும் பார்வை எதிர்த்திசைக்குப் போகலாம் என்பதால் சாட்சியை அப்படியே நம்பிவிடவும் முடியாது. பிறகு டார்ச் ஒளி. ஒரு கண்ணின் பாவை மட்டும் அகன்று ஒளிக்குச் சுருங்காமல் நின்றால், மூளை வீங்கியோ ரத்தம் கட்டியோ அந்தப் பக்கத்துப் பாவையைச் சுருக்கும் நரம்பு நசுங்குகிறது என்று அஞ்ச வேண்டும். இரண்டு பாவைகளும் ஊசிமுனையளவு சுருங்கியிருந்தால் பான்ஸில் ரத்தக்கசிவு இருக்கலாம். அபின் வகை மருந்தும் பூச்சிமருந்து விஷமும் அதே வேலையைச் செய்யும். கண்புரை அறுவை செய்தவரா என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்தப் பாவை பழைய தழும்பால் கோணலாக இருக்கலாம்.

முகத்தைக் கவனியுங்கள்: செயலிழந்த பக்கக் கன்னம் ஒவ்வொரு மூச்சுக்கும் பாய்மரம்போல உப்பி அடங்கும். இரண்டு கைகளையும் தூக்கிவிட்டால் ஒன்று கல்லாக விழும். ரத்த அழுத்தம் மிக உயர்ந்திருப்பது மூளைச் சேதத்தின் பக்கமே சந்தேகத்தைத் திருப்பும். அதோடு நாடி மெதுவாகி மூச்சும் தாறுமாறானால், மண்டைக்குள் அழுத்தம் ஏறிவிட்டது என்று பொருள்.

மூளையின் ரத்தக்குழாயில் அடைப்பா, ரத்தக்கசிவா என்பதை சிடி ஸ்கேன்தான் சொல்லும். அதனால் ஆஸ்பிரின் வேண்டாம், வாயில் தண்ணீரும் வேண்டாம். அடிபட்டவர் அல்ல என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக 4.5 மணி நேரமே அவகாசம். எனவே 108-இல் வருபவர்களிடம், அவர் எத்தனை மணிக்கு விழுந்தார் என்பதைவிட, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்ததைப் பார்த்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.